துடிப்பு மாறாத கல்: ரேடியோவுக்குக் கடிகாரம் தந்த வால்டர் கேடியின் கதை

சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் யு.எஸ்.பி ரேடியோ டாங்கிளை லேப்டாப்பில் செருகுகிறீர்கள். எஃப்.எம் ஸ்டேஷன் எல்லாம் ஜோராகக் கேட்கிறது. அடுத்து, 435 மெகாஹெர்ட்ஸில் இருக்கும் ஓர் அமெச்சூர் ரேடியோ நிலையத்தைத் தேடுகிறீர்கள். அது இருக்க வேண்டிய இடத்தில் இல்லை! கிட்டத்தட்ட 20 கிலோஹெர்ட்ஸ் தள்ளி நிற்கிறது. சரியென்று அங்கே போய்ப் பிடித்தால், அரை மணி நேரத்தில் அங்கிருந்தும் நகர்ந்துவிடுகிறது.

நிலையம் எங்கேயும் நகரவில்லை. நகர்ந்தது உங்கள் டாங்கிளின் கடிகாரம். அதற்குள் விரல் நகத்தைவிடச் சின்ன உலோகக் கூடு ஒன்று இருக்கிறது. அதனுள்ளே மெல்லிய குவார்ட்ஸ் கல் ஒன்று விநாடிக்குக் கோடிக்கணக்கான முறை துடிக்கிறது. மொத்த ரேடியோவும் அந்தத் துடிப்பை நம்பித்தான் ஓடுகிறது. டாங்கிள் சூடானதும் கல்லின் துடிப்பு கொஞ்சம் மாறியது. அவ்வளவுதான் நடந்தது.

செல்போன், வைஃபை, ஜி.பி.எஸ், கைக்கடிகாரம் என்று எதைத் திறந்தாலும் இப்படி ஒரு துடிப்பு இருக்கும். ரேடியோவுக்குள் இந்தக் கல்லைக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் வால்டர் கைட்டன் கேடி. நூறாவது பிறந்தநாளுக்கு ஒரே ஒரு நாள் முன்பு இறந்துபோன அமெரிக்க இயற்பியல் பேராசிரியர்.

யார் இந்த கேடி?

கேடி 1874 டிசம்பர் 10 அன்று அமெரிக்காவின் ரோட் ஐலண்டு மாநிலத்தில் உள்ள பிராவிடன்ஸ் நகரில் பிறந்தார். படித்தது அதே ஊரின் பிரவுன் பல்கலைக்கழகத்தில். பிறகு ஜெர்மனி போய், 1900-ல் பெர்லின் பல்கலைக்கழகத்தில் இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கினார். இயற்பியல் படிக்கப் பலரும் ஜெர்மனிக்குப் போன காலம் அது.

ஊர் திரும்பியதும் கிடைத்த வேலை, அமெரிக்க அரசின் கடற்கரை மற்றும் புவி அளவைத் துறையில். பூமியின் காந்தப்புலத்தை அளந்து பதிவு செய்ய வேண்டும். பரபரப்பே இல்லாத, பொறுமை கேட்கும் வேலை. 1902-ல் கனெக்டிகட் மாநிலத்தின் மிடில்டவுனில் இருக்கும் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1946-ல் ஓய்வு பெறும்வரை, 44 ஆண்டுகள் அங்கேதான்.

முதல் 15 வருடம் வாயுக்களில் மின்சாரம் பாய்வது, மின்வில் எப்படி நடந்துகொள்கிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. பெரிய புகழ் ஒன்றும் வரவில்லை. வாழ்க்கையை மாற்றிய விஷயம் வந்தபோது அவருக்கு வயது 43.

நீர்மூழ்கியைத் தேடப் போனவர்

1917-ல் அமெரிக்கா முதல் உலகப்போரில் இறங்கியது. அட்லாண்டிக்கில் ஜெர்மானிய நீர்மூழ்கிகள் கப்பல்களை வரிசையாக மூழ்கடித்துக்கொண்டிருந்தன. அவற்றைக் கண்டுபிடிப்பது எப்படி? அந்த ஜூன் மாதம் வாஷிங்டனில் அமெரிக்க, பிரிட்டன், பிரெஞ்சு விஞ்ஞானிகள் கூடிப் பேசினார்கள். கேடியும் அதில் இருந்தார்.

பிரெஞ்சுக்காரர்கள் ஒரு யோசனையோடு வந்திருந்தார்கள். பாரிஸில் பால் லாஞ்ஜவின் என்ற விஞ்ஞானி, காதுக்குக் கேட்காத ஒலியைத் தண்ணீருக்குள் அனுப்பி, எதிரொலியை வைத்து நீர்மூழ்கியைப் பிடிக்க முயன்றுகொண்டிருந்தார். அதற்கு அவர் எடுத்துக்கொண்டது படிகங்களின் ஒரு வினோதமான குணத்தை.

1880-ல் பியர் கியூரியும் அவருடைய அண்ணன் ஜாக் கியூரியும் கண்டுபிடித்த குணம் அது. குவார்ட்ஸ் போன்ற சில படிகங்களை அழுத்தினால் மின்னழுத்தம் பிறக்கும். திருப்பி, மின்னழுத்தம் கொடுத்தால் படிகம் மிக மிகச் சிறிதளவு நெளியும். இதைத்தான் பீசோ மின்விளைவு என்கிறோம். கிட்டத்தட்ட 40 வருடமாக ஆய்வகத்து அலமாரியிலேயே கிடந்த இந்த விளைவுக்கு, முதல் பெரிய வேலையைக் கொடுத்தது போர்தான்.

கேடி இந்த வேலையில் இறங்கினார். அவர் கையில் எடுத்தது ரோஷெல் உப்பு என்ற படிகம். குவார்ட்ஸைவிட இதில் விளைவு பல மடங்கு பலமாக இருக்கும். ஆனால் தண்ணீரில் கரையும், வெயிலைத் தாங்காது, லேசாகத் தட்டினாலே உடையும்.

தொந்தரவாக வந்த கண்டுபிடிப்பு

படிகத் தகட்டுக்கு வெவ்வேறு அதிர்வெண்களில் மின்சாரம் கொடுத்து, அது எப்படி நடந்துகொள்கிறது என்று அளந்துகொண்டிருந்தார் கேடி. பெரும்பாலான இடங்களில் அளவுகள் சீராகத்தான் வந்தன. ஆனால் குறிப்பிட்ட ஓர் அதிர்வெண்ணை நெருங்கியதும் எல்லாம் தாறுமாறாகிவிட்டது. துல்லியமாக ஓர் இடத்தில் அளவு சட்டென்று எகிறும். அடுத்த நொடியே விழும். மின்சுற்று படிகத்தை ஆட்டுவது போய், படிகம் மின்சுற்றை ஆட்டத் தொடங்கியது.

நீர்மூழ்கியைத் தேடுகிறவருக்கு இது வெறும் தொல்லை. அந்த அதிர்வெண்ணை விட்டு விலகிப் போனால் வேலை முடிந்தது. வேறு பலரும் அப்படித்தான் செய்திருப்பார்கள். கேடி அதைக் குறித்து வைத்துக்கொண்டார். 1918 நவம்பரில் போர் முடிந்தது. நீர்மூழ்கி வேலையும் முடிந்தது. 1919-ல் அவர் வெஸ்லியன் ஆய்வகத்தில் அந்தத் தொல்லையை மட்டும் தனியாக எடுத்து வைத்து ஆராய ஆரம்பித்தார்.

அப்போது அவருக்கு ஒன்று புரிந்தது. அந்தத் தாறுமாறு நடப்பது எப்போதும் ஒரே இடத்தில், ஒரே அதிர்வெண்ணில். அந்த இடத்தைத் தீர்மானிப்பது தகட்டின் அளவு. அப்படியானால் இது அதிர்வெண்ணை அளக்கும் அளவுகோல் ஆயிற்றே!

அளவுகோல் வளையக் கூடாது, கரையக் கூடாது. அதனால் ரோஷெல் உப்பை ஒதுக்கிவிட்டுக் குவார்ட்ஸுக்கு மாறினார். குவார்ட்ஸில் விளைவு பலவீனம்தான். ஆனால் கெட்டியான கல், வருடக்கணக்கில் மாறாது.

1920 ஜனவரியில் குவார்ட்ஸ் அதிர்வுக்கருவிக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். அடுத்த வருடம் வெற்றிடக் குழாயோடு கல்லை இணைத்து, அதன் துடிப்பிலேயே தொடர்ந்து ஓடும் ஆசிலேட்டருக்கும் விண்ணப்பித்தார். இரண்டு காப்புரிமைகளும் 1923-ல் கைக்கு வந்தன.

கோயில் மணியும் தகர டப்பாவும்

இந்தக் கல்லில் அப்படி என்ன விசேஷம்? ஒரு தகர டப்பாவைத் தட்டினால் டப் என்று ஒரு சத்தம், உடனே அடங்கிவிடும். கோயில் மணியைத் தட்டினால் ஒரே சுருதியில் வெகுநேரம் ஒலிக்கும். எவ்வளவு நேரம் ஒலிக்கிறதோ, சுருதி அவ்வளவு துல்லியம். இந்தக் குணத்தைப் பொறியாளர்கள் கியூ என்ற ஓர் எண்ணால் அளக்கிறார்கள்.

அன்றைய ரேடியோக்களில் அதிர்வெண்ணை நிர்ணயித்தது கம்பிச் சுருளும் கண்டன்சரும். அதன் கியூ சில நூறைத் தாண்டுவதே கஷ்டம். அதுதான் தகர டப்பா. குவார்ட்ஸின் கியூ பல ஆயிரத்திலிருந்து பத்து லட்சத்துக்கு மேலும் போகும். அது கோயில் மணி.

கல்லின் தடிமன்தான் சுருதி. இப்போது அதிகம் புழங்கும் ஏ.டி வெட்டு என்ற வகையில், 1 மெகாஹெர்ட்ஸுக்குக் கல் சுமார் 1.66 மில்லிமீட்டர் தடிமன் வேண்டும். 10 மெகாஹெர்ட்ஸுக்கு அதில் பத்தில் ஒரு பங்கு போதும். இரண்டு தாள் கனம் என்று வைத்துக்கொள்ளலாம்.

கல்லோடு ஒரு பயணம்

இதற்கு அப்போது என்ன அவசரம்? 1922-ல் அமெரிக்காவில் ரேடியோ மோகம் தலைக்கேறியிருந்தது. மாதாமாதம் புதிய நிலையங்கள் முளைத்தன. ஆனால் எந்த நிலையமும் சொன்ன இடத்தில் நிற்கவில்லை. டிரான்ஸ்மிட்டர் சூடானால் அலைவரிசை நகரும். காற்றில் ஆன்டெனா ஆடினாலும் நகரும். அருகருகே இருக்கும் இரண்டு நிலையங்கள் நகர்ந்து ஒன்றையொன்று தொட்டால், கேட்பவர் காதில் கீச் என்று விசில் அடிக்கும்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. ஒவ்வொரு நாடும் தன் அளவுகோலை வைத்துத்தான் அதிர்வெண்ணை அளந்தது. அமெரிக்காவின் கிலோஹெர்ட்ஸும் இத்தாலியின் கிலோஹெர்ட்ஸும் ஒன்றுதானா? ஒப்பிட்டுப் பார்க்க வழியே இல்லாமல் இருந்தது.

1923-ல் கேடி தன் குவார்ட்ஸ் கற்களை எடுத்துக்கொண்டு ஐரோப்பாவுக்குக் கப்பலேறினார். இத்தாலி, பிரான்ஸ், இங்கிலாந்து ஆய்வகங்களில் அதே கற்களை வைத்து அந்தந்த நாட்டு அளவுகோலைச் சோதித்தார். நாடுகளின் அதிர்வெண் அளவுகள் நேருக்கு நேர் ஒப்பிடப்பட்டது அதுவே முதல் முறை. பெட்டியில் வந்த சில கற்கள், கடல் தாண்டியும் தங்கள் துடிப்பை மாற்றிக்கொள்ளவில்லை.

விளைவு கொஞ்ச வருடத்திலேயே தெரிந்தது. 1920-களின் இறுதியில் அமெரிக்க ஒலிபரப்பு நிலையங்களுக்கு 500 ஹெர்ட்ஸ் வரை விலகல் அனுமதி இருந்தது. 1932-ல் அதை 50 ஹெர்ட்ஸாகக் குறைத்துவிட்டார்கள். கல் இல்லாமல் அப்படி ஒரு விதியை யாரும் எழுதியிருக்கவே முடியாது.

பெயர் யாருக்கு?

இவ்வளவு செய்தவருக்குக் கண்டுபிடித்த பெருமை முழுசாகக் கிடைத்ததா? அங்கேதான் சிக்கல்.

வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தில் அலெக்சாண்டர் நிக்கல்சன் என்ற பொறியாளர் இருந்தார். ரோஷெல் உப்பை வெற்றிடக் குழாயோடு இணைத்து அதிர வைக்கும் சுற்றுக்கு, 1918 ஏப்ரலிலேயே காப்புரிமை கேட்டிருந்தார். இன்னொரு பக்கம், ஹார்வர்டு பேராசிரியர் ஜார்ஜ் வாஷிங்டன் பியர்ஸ் கேடியின் வேலையை அறிந்து, ஒரே ஒரு குழாயில் இயங்கும் எளிய சுற்றை 1923-ல் உருவாக்கினார். இன்றைக்கும் மைக்ரோகன்ட்ரோலர் போர்டுகளில் கல்லை ஓட்டுவது பெரும்பாலும் பியர்ஸ் பெயரிலான அந்தச் சுற்றுதான்.

கேடி தன் காப்புரிமைகளை 1925-ல் ஆர்.சி.ஏ நிறுவனத்துக்கு விற்றுவிட்டார். அதற்குப் பிறகு அது ஒரு பேராசிரியரின் விஷயமாக இல்லாமல், பெரிய கம்பெனிகளின் மல்லுக்கட்டாக மாறிவிட்டது. யார் முதலில் என்ற சண்டை வருடக்கணக்கில் இழுத்தது. விண்ணப்பித்து 22 ஆண்டுகள் கழித்து, 1940-ல், நிக்கல்சன் பெயரில் காப்புரிமை வழங்கப்பட்டது.

சட்டக் காகிதத்தில் விடை அப்படி. ஆனால் பொறியாளர்களின் கணக்கு வேறு. நிக்கல்சனின் உப்புப் படிகம் அதிர்ந்தது உண்மை. அந்த அதிர்வு ஏன் மாறாமல் இருக்கிறது, அதை எப்படி உலகம் நம்பும் அளவுகோலாக ஆக்குவது என்று காட்டியவர் கேடி. ரேடியோ பொறியாளர் கழகம் 1928-ல் அவருக்கு லீப்மன் நினைவுப் பரிசு கொடுத்தது; 1932-ல் தலைவராகவும் ஆக்கியது. 1936-ல் லண்டன் இயற்பியல் கழகத்தின் டடல் பதக்கமும் வந்தது.

சூடு என்ற எதிரி

கல்லுக்கும் ஒரு பலவீனம் உண்டு. சூடு ஏறி இறங்கினால் துடிப்பும் மாறும். அதனால் ஒலிபரப்பு நிலையங்கள் கல்லை ஒரு சின்ன அடுப்புக்குள் வைத்து, ஒரே வெப்பநிலையில் காத்தன. 1930-களில் கல்லைக் குறிப்பிட்ட கோணத்தில் வெட்டினால் வெப்பத்தின் பாதிப்பு வெகுவாகக் குறையும் என்று தெரியவந்தது. அப்படி வந்ததுதான் முன்பு சொன்ன ஏ.டி வெட்டு.

இரண்டாம் உலகப்போரில் பீரங்கி வண்டியிலும் விமானத்திலும் இருந்த ரேடியோக்களுக்காக அமெரிக்கா கோடிக்கணக்கில் கற்களை வெட்டித் தள்ளியது. மூலக்கல் பிரேசிலிலிருந்து வந்தது. போர் முடிந்த மறுவருடம், 1946-ல், கேடி ஓய்வு பெற்றார். பீசோ மின்விளைவு பற்றி அவர் எழுதிய பெரிய நூல் வந்ததும் அதே வருடம்தான். அந்தத் துறைக்கு அடிப்படை நூலாக அது நெடுநாள் இருந்தது.

அந்த இரண்டு பழைய வழிகளும் இன்றைக்கும் கடையில் கிடைக்கின்றன. வெப்பநிலையை உணர்ந்து தன்னைத் திருத்திக்கொள்ளும் கல்லுக்கு டி.சி.எக்ஸ்.ஓ என்று பெயர். அடுப்புக்குள் வைத்த கல்லுக்கு ஓ.சி.எக்ஸ்.ஓ. சாதாரண மலிவுக் கல் பத்து லட்சத்தில் 50 பங்கு வரை தப்பலாம். இதை 50 பி.பி.எம் என்பார்கள். 435 மெகாஹெர்ட்ஸில் அது சுமார் 22 கிலோஹெர்ட்ஸ். ஆரம்பத்தில் பார்த்த டாங்கிளின் கதை இதுதான். நல்ல டி.சி.எக்ஸ்.ஓ இருந்தால் பிழை 1 பி.பி.எம் அளவுக்கு அடங்கும். அடுப்புக் கல் அதையும்விடப் பல மடங்கு நிலையானது.

நிலையானது வேறு, அமைதியானது வேறு

எஸ்.டி.ஆர் என்ற சாஃப்ட்வேர் ரேடியோவில், ஆன்டெனாவில் வரும் அலையை எண்களாக மாற்றிவிட்டு மீதி வேலையை சாஃப்ட்வேர் பார்த்துக்கொள்ளும். ஆனால் அலையை இறக்கும் உள் ஆசிலேட்டர், எண்ணாக மாற்றும் சிப் இரண்டுக்கும் ஒரே கடிகாரம்தான் ஆதாரம். அது தப்பினால் எல்லாமே சேர்ந்து தப்பும்.

இதில் இரண்டு விதமான தப்பு உண்டு. ஒரு கடிகாரம் நாளுக்கு ஒரு நிமிடம் முந்திப் போகிறது, இது நகர்வு. இன்னொரு கடிகாரம் நாள் முடிவில் சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் அதன் ஒவ்வொரு டிக்கும் கொஞ்சம் முன்னே பின்னே விழுகிறது, இது நடுக்கம். பொறியாளர்கள் இதைக் கட்ட இரைச்சல் என்கிறார்கள்.

நகர்வு வந்தால் ஸ்டேஷன் இடம் மாறும், சாஃப்ட்வேரில் திருத்திவிடலாம். நடுக்கம் வந்தால் ஸ்டேஷன் கறை மாதிரி இரண்டு பக்கமும் பரவும். பக்கத்தில் பலமான சிக்னல் ஒன்று இருந்தால், அதன் கறை பலவீனமான சிக்னலை மூடிவிடும். அப்படி மூடியதை எந்த சாஃப்ட்வேராலும் முழுசாக மீட்க முடியாது.

நம் மொட்டை மாடி டிஷ் ஆன்டெனாவை வைத்தே பார்க்கலாம். 2018-ல் ஏவப்பட்ட எஸ்ஹெயில்-2 செயற்கைக்கோளில் கியூ.ஓ-100 என்ற அமெச்சூர் ரேடியோ வசதி இருக்கிறது. இந்தியாவிலும் எடுக்கும். அது வரும் இடம் 10,489 மெகாஹெர்ட்ஸ் பக்கம். டிஷ்ஷின் முனையில் இருக்கும் எல்.என்.பி, பல மாடல்களில் 25 மெகாஹெர்ட்ஸ் கல்லின் துடிப்பை 390 மடங்காக்கி 9,750 மெகாஹெர்ட்ஸ் செய்கிறது. கல்லின் பிழையும் 390 மடங்காகும். 1 பி.பி.எம் பிழை இங்கே 10 கிலோஹெர்ட்ஸ். பேச்சு சிக்னலின் அகலமோ 3 கிலோஹெர்ட்ஸ்கூட இல்லை. நடுக்கத்தின் கதை இன்னும் மோசம். அதன் திறன் 390-ன் வர்க்கமாக, சுமார் 1,52,000 மடங்கு ஏறும். டெசிபலில் சொன்னால் 52. போதாக்குறைக்கு அந்தக் கல் நாள் முழுக்க வெயிலில் காய்கிறது.

இதற்குப் பலரும் செய்வது, ஜி.பி.எஸ்ஸோடு கட்டிய ஓ.சி.எக்ஸ்.ஓ கடிகாரத்தை வெளியிலிருந்து கொடுப்பது. ஜி.பி.எஸ் ரிசீவர் விநாடிக்கு ஒரு துடிப்பு தரும். நாள் கணக்கில் சராசரி எடுத்தால் அது அபாரத் துல்லியம். ஆனால் தனித்தனித் துடிப்பு லேசாக முன்னே பின்னே விழும். குவார்ட்ஸ் நேர்மாறு: நொடிக்கு நொடி அமைதி, மாதக்கணக்கில் மெதுவான நகர்வு. இரண்டையும் கட்டிப்போட்டால் ஒன்றின் குறையை மற்றொன்று மறைக்கும்.

துல்லியத்தை மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாற வாய்ப்பு உண்டு. பிழை மிகக் குறைவு என்று போட்டிருக்கும்; நடுக்கம் எவ்வளவு என்று போட்டிருக்காது. இரைச்சலான யு.எஸ்.பி பவர், மட்டமான கேபிள், பக்கத்தில் சுழலும் மின்விசிறியின் அதிர்வு, இவையும் நல்ல கல்லைக் கெடுத்துவிடும். அந்த அமைதி வருவதும் கோயில் மணிக் குணத்திலிருந்துதான்: கியூ உயர உயர, நடுக்கம் குறையும்.

ஒரு நாள் பாக்கி

ஓய்வுக்குப் பிறகு கேடி கலிபோர்னியாவின் பசடேனாவுக்குப் போய், அங்கும் சில வருடம் கால்டெக்கில் ஆராய்ச்சி செய்தார். 1963-ல் பிறந்த ஊரான பிராவிடன்ஸுக்கே திரும்பினார்.

அவர் கண் முன்னாலேயே கல்லின் ராஜ்யம் முடிந்ததாகவும் தோன்றியது. 1955-ல் இங்கிலாந்தில் சீசியம் அணுக்கடிகாரம் ஓடத் தொடங்கியது. 1967-ல் விநாடி என்பதே சீசியம் அணுவை வைத்து வரையறுக்கப்பட்டது. ஆனால் அணுக்கடிகாரங்களுக்குள்ளும் வெளியே துடிப்பைத் தருவது பொதுவாக ஒரு குவார்ட்ஸ் ஆசிலேட்டர்தான். அணு அதைச் சரிபார்த்து இழுத்துப் பிடிக்கும், துடிப்பது கல். 1969 டிசம்பரில் ஜப்பானில் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரம் விற்பனைக்கு வந்தபோது கேடிக்கு வயது 95.

1974 டிசம்பர் 9 அன்று அவர் இறந்தார். மறுநாள் விடிந்திருந்தால் நூறு வயது. அவர் பெயரில் இன்று அதிர்வெண் கட்டுப்பாட்டுத் துறையில் ஒரு விருது வழங்கப்படுகிறது. துறைக்கு வெளியே பெயர் தெரிந்தவர்கள் குறைவு. ஆனால் 1918-ல் எல்லோரும் விலகிப் போயிருக்கக்கூடிய ஒரு தொல்லையை அவர் குறித்து வைத்துக்கொண்டார். அடுத்த முறை டாங்கிளில் ஒரு ஸ்டேஷன் நகர்ந்தால், சாஃப்ட்வேரில் ஓர் எண்ணைத் தட்டித் திருத்துவதற்கு முன், அது ஏன் நகர்ந்தது என்று ஒரு நிமிடம் பார்க்கலாம். கேடி செய்ததும் அதைத்தான்.